நாட்குறிப்பின் ஓரத்துப் புள்ளிகள்

இந்த வருடம் ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் நாட்குறிப்பின் வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய புள்ளி வைத்தேன். அதன் பொருளை எங்கும் எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் வாசித்துவிடுவார்கள் என்பதைவிட, நானே திரும்ப வாசிக்க வேண்டிவரும் என்பதுதான் காரணம்.

இருபத்தெட்டு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், மழை பெய்ததா, கடையில் என்ன நடந்தது, என்ன சமைத்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பார்மசியில் நான் மருந்தாளர். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை வாசித்து, குளிசையை எடுத்து, பெயரையும் அளவையும் மறுபடி துண்டோடு ஒப்பிட்டு, உறையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒப்பிடாமல் ஒரு உறையும் என் கையை விட்டுப் போனதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெண் இரத்த அழுத்தக் குளிசைக்குத் துண்டு நீட்டினார். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது நான் கொடுக்கிற குளிசை. வாசித்தேன், அலுமாரிப் பக்கம் திரும்பினேன். அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. தட்டுகளை அடுக்கியவளே நான்தான். கால் நிமிடம் இருக்கும், நின்றேன். பிறகு கை தானாகவே சரியான தட்டுக்குப் போனது. அந்தப் பெண் ஒன்றையும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் முதுகு முழுவதும் வியர்த்திருந்தது.

எல்லோரும் மறக்கிறார்கள். அதற்காக யாரும் பயப்படுவதில்லை. நான் பயந்ததற்குக் காரணம் அப்பா.

அப்பா கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போய் வந்த அரசாங்க எழுதுவினைஞர். ஒரு பிற்பகல் வேலை முடிந்து வேறு பஸ்ஸில் ஏறி, களனியில் இறங்கி, விகாரைக்குப் போகும் வீதியில் இருட்டும்வரை நின்றிருக்கிறார். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டு இலக்கத்தை அப்பா சரியாகச் சொன்னாராம். வீதியின் பெயர்தான் வரவில்லையாம். வண்டிக்காரர் அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு வீதி வீதியாகத் தேடியிருக்கிறார். அன்று அப்பாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அதற்குப் பிறகு எட்டு வருடங்கள் உயிரோடு இருந்தார். கடைசி மூன்று வருடங்களில் நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் யாரோ நல்லவள் என்று நினைத்து, சாப்பாடு கொடுத்தால் நன்றி சொல்வார்.

எனக்கு இப்போது ஐம்பத்தொன்று.

புள்ளி வைப்பது வழக்கமாகிவிட்டது. மறந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு பெயர், வைத்த இடம், சொல்ல வாயெடுத்த சொல். வாரக் கடைசியில் கூட்டி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் அடியில் எண்ணாக எழுதுவேன். யாருக்கும் சொல்லவில்லை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். தொலைபேசியில் சொல்கிற செய்தி அல்ல இது. வீட்டில் இருப்பது நானும் மகளும்தான்.

மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படிக்கிறாள். வணிகப் புள்ளிவிபரவியல் அவளுக்குப் பிடித்த பாடம். ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் ரியூசன் விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே, வீட்டில் நீண்ட நாளாக எண்ணி எழுதி வைத்த ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று கேட்டாள். புத்தகத்து உதாரணங்கள் வேண்டாம், உங்கள் வீட்டுத் தரவில் இணைபும் பிற்செலவும் செய்து கொண்டு வாருங்கள் என்று அவளுடைய ரியூசன் சேர் சொல்லியிருந்தார். குறைந்தது இருபது சோடி எண்கள் வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் மின்சாரக் கட்டணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு அம்மாவின் நாட்குறிப்பு நினைவு வந்திருக்கிறது.

நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் மேசையில் நாட்குறிப்பைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, ஓரத்தில இந்தப் புள்ளியெல்லாம் என்ன? ஞாயிற்றுக்கிழமை கூட்டியும் வச்சிருக்கிறீங்க."

கடையில் இல்லாத மருந்து என்றேன். யாராவது கேட்டு, எங்களிடம் இல்லையென்றால் ஒரு புள்ளி. பொய் அவ்வளவு ஒழுங்காக வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்துநான்கு வாரங்களின் எண்கள், ஒரே கையால் எழுதப்பட்டவை. அப்போதே வரைபுத்தாளை விரித்துவிட்டாள்.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று அறியும் ஆசை எனக்கும் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூட்டினேனே தவிர, முந்திய வாரத்தோடு வைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் கிடையாக வாரத்தின் இலக்கத்தையும் குத்தாகப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் வைத்தாள். இருபத்துநான்கு சிறு குறுக்கல்கள், பெருக்கல் அடையாளம் போல. கீழே இடது மூலையில் தொடங்கி, மேலே வலது பக்கம் போயின. நான் எதிர்க் கதிரையில் இருந்து தலைகீழாகப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து முதல் வாரம் மேலேயும் கடைசி வாரம் கீழேயும் இருந்ததால் இறங்குவது போலத் தெரிந்தது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

இணைபு என்பதை அவள் எனக்கு விளக்கிய விதம் நன்றாக இருந்தது. ஒன்று கூடும்போது மற்றது எவ்வளவு ஒழுங்காக அதோடு சேர்ந்து கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்வது. ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லையென்றால் பூச்சியம். ஒரு குறுக்கல்கூட விலகாமல் நேர்கோட்டில் ஏறினால் ஒன்று. கல்குலேற்றரில் வரிசையாக எண்களைத் தட்டினாள். 0.90 வந்தது.

"அம்மா, சேரின்ர உதாரணங்களிலயும் இவ்வளவு வடிவா வாறேல்லை."

பிறகு பிற்செலவுக் கோடு. சிதறிக் கிடக்கும் குறுக்கல்களுக்கு நடுவே, அவை எல்லாவற்றுக்கும் முடிந்தவரை கிட்டவாகப் போகும் ஒரேயொரு நேர்கோடு. அதன் சாய்வைக் கணித்து, ஒரு வாரத்துக்கு அரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது என்றாள். அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனாவால் கோட்டை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"முதலாளிக்குச் சொல்லி வையுங்கோ. இப்பிடியே போனா ரெண்டு வருசத்தில உங்கட கடையில மருந்து ஒண்டும் இராது. வெறும் அலுமாரிதான் நிக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மீன் அப்படியே கிடக்கிறது என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் அலுமாரி. அப்பாவின் கடைசி மூன்று வருடங்களுக்கு இதைவிடச் சரியான வார்த்தை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

தரவு முடிகிற இடத்துக்கு அப்பால் கோட்டை நீட்டக்கூடாது என்று சேர் சொல்லியிருக்கிறார் என்று அவள் பின்னால் இருந்து சொன்னாள். கடைசி வாரம் இருபத்துநான்கு என்றால் நூறாவது வாரத்தைப் பற்றி அந்தக் கோட்டுக்கு ஒன்றும் தெரியாதாம். நான் ஓம் என்றேன். ஞாயிறு காலை அவள் வகுப்புக்குப் போனதும், இன்னொரு வரைபுத்தாளில் அதே கோட்டைப் போட்டு, நூற்றிநான்காம் வாரம்வரை நீட்டினேன். தாள் போதவில்லை. மேலே ஒரு தாளை ஒட்டினேன். எனக்கு ஐம்பத்துமூன்று ஆகிற இடத்தில் கோடு ஐம்பதை நெருங்கி நின்றது. வாரத்துக்கு ஐம்பது என்றால் ஒரு நாளைக்கு ஏழு. அந்த ஏழில் ஒன்று ஒருவருடைய இதயக் குளிசையாக இருக்கலாம்.

ஒட்டிய தாள்களை மடித்து, சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த வாரம் கடையில் நான் எல்லாவற்றையும் மூன்று தடவை ஒப்பிட்டேன். துண்டை வாசித்து, பெட்டியை வாசித்து, மறுபடி துண்டை, மறுபடி பெட்டியை. வரிசை வாசல்வரை நீண்டது. முதலாளி, பல வருடங்களாக என்னோடு வேலை செய்கிறவர், ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மிஸ், மூணு தரம் பாக்கிறீங்க? குளிச ஓடிப் போறல்ல."

கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றேன். இன்னொரு பொய். அவர் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்தவர் என்றார்.

வியாழக்கிழமை காலை, முதல் நாள் நீரிழிவுக் குளிசை வாங்கிப் போன ஒரு வயோதிபர் திரும்பி வந்தார். கையில் நான் எழுதிய உறை. தூரத்திலேயே என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்தக் குளிசையை மாற்றிக் கொடுத்தேன், எத்தனை விழுங்கியிருப்பார், வீட்டில் யார் இருப்பார்கள். அவர் மேசைக்கு வந்து சேர எடுத்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன். அவர் உறையை என் முன்னால் வைத்து, இதே மாதிரிப் பெரிய எழுத்தில் தன் மனைவியின் மருந்துக்கும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணலாக வந்தது.

அன்று மதியம், சாப்பாட்டு நேரத்தில், வேலையை விட்டு விலகும் கடிதத்தை எழுதினேன். மூன்று வரிகள். காரணம் என்று ஒன்றும் சொல்லவில்லை. திகதி போடாமல் மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தேன். திங்கட்கிழமை கொடுப்பது என்று முடிவு செய்தேன். மகளுடைய படிப்பு, கணவரின் கேள்விகள், இவற்றுக்கெல்லாம் பிறகு பதில் தேடலாம். யாருக்காவது தவறான மருந்து கொடுத்துவிட்டு, கொடுத்ததே நினைவில்லாமல் வீட்டுக்கு நடந்து வருவதைவிட எதுவும் மேல்.

சனிக்கிழமை மகள் ரியூசனிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். கணிப்பு எல்லாம் சரி, ஆனால் முழுப் புள்ளி இல்லை. சேர் வரைபுத்தாளின் அடியில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். "இது ஏறும் கோடு அல்ல. மூன்று படிகள். கோட்டை மறைத்துவிட்டுப் பார். எட்டாம், பதினாறாம் வாரங்களுக்குப் பிறகு என்ன மாறியது? எண்ணியவரிடம் கேள்."

அவள் தன் உள்ளங்கையின் ஓரத்தால் சிவப்புக் கோட்டை மறைத்துக் காட்டினாள். எனக்கு உடனே தெரிந்தது. முதல் எட்டுக் குறுக்கல்கள் மூன்றுக்கு அக்கம்பக்கத்தில் கிடந்தன. அடுத்த எட்டும் ஏழை ஒட்டி. கடைசி எட்டும் பதினொன்றை ஒட்டி. இடையில் ஏற்றமே இல்லை. தட்டு, தட்டு, தட்டு. கோட்டைப் போட்ட பிறகு எங்கள் இருவரின் கண்களும் கோட்டைத்தான் பார்த்திருக்கின்றன.

"எட்டாவது வாரம் முடிய உங்கட கடையில என்ன நடந்தது? மருந்துக் கம்பனி மாறினதா?"

கடையில் ஒன்றும் நடக்கவில்லை. நாட்குறிப்பை எடுத்து ஒன்பதாம் வாரத்தின் திங்கட்கிழமையைத் திறந்தேன். என் கையெழுத்தில் இருந்தது: இன்று முதல் மதியமும். பதினேழாம் வாரத்தின் திங்கட்கிழமைக்குப் போனேன். அங்கேயும் இருந்தது: சட்டைப்பைக் கொப்பி வாங்கினேன்.

ஜனவரியில் நான் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நாட்குறிப்பு எழுதும்போது மட்டும் புள்ளி வைத்தேன். காலையில் மறந்தவற்றில் அந்த நேரத்துக்கு நினைவில் நின்றவை மட்டும். இது ஒழுங்கில்லை என்று தோன்றியதால் மதியம் ஒருமுறையும் எழுதத் தொடங்கினேன். அதுவும் போதாது என்று வெள்ளை மேலங்கியின் பையில் ஒரு சிறு கொப்பி வைத்து, மறந்த கணத்திலேயே குறித்தேன். எண்ணுவதை ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். திருத்தியதைத் திகதியோடு எழுதியும் வைத்தேன். எழுதிவிட்டு, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே புதிய எண்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். பாதி மாதத்தில் தராசை மாற்றிவிட்டு, சாமான் கூடிவிட்டது என்று பயந்தது போல. இவ்வளவு கவனம் எடுக்காத ஒருத்திக்கு இந்தப் பிழை வந்திருக்காது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு நிமிடத்துக்கு. பிறகு வேறொன்று தோன்றியது. ஜனவரியில் வாரத்துக்கு மூன்றுதான் நினைவில் நின்றன. அப்படியென்றால் மற்றவை எங்கே போயின? மறந்ததையும் மறந்திருக்கிறேன். அப்பாவும் அப்படித்தானே இருந்தார்.

இதற்குள் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பிள்ளை, அது கடையில இல்லாத மருந்து இல்லை. எனக்கு மறந்துபோனது."

அவள் நாட்குறிப்பின் பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தாள். என் அப்பாவை அவள் கண்டதில்லை. ஆனால் அவருடைய கதை தெரியும். கீழே கடற்கரைப் பக்கமாக ரயில் போனது.

"அப்ப நான் சிரிச்சனான்," என்றாள். "வெறும் அலுமாரி எண்டு சொல்லி."

உனக்குத் தெரியாதே என்றேன். அவள் கோபத்தோடு கண்ணைத் துடைத்தாள். பொய்த் தரவைக் கொடுத்து என்னைக் கணக்குப் பார்க்க வைத்தீர்கள் என்று ஏசினாள். ஏசிக்கொண்டே ஒரு புதிய வரைபுத்தாளை எடுத்தாள். கொப்பி வாங்கிய பிறகான எட்டு வாரங்களை மட்டும் வைத்தாள்: 11, 12, 10, 11, 12, 11, 10, 11. சாய்வு பூச்சியத்துக்குக் கிட்ட, சொல்லப்போனால் துளி கீழ்நோக்கி. நான் அந்தத் தாளை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"எட்டு வாரம் காணாது அம்மா. இதை வச்சு ஒண்டுமில்லை எண்டும் சொல்லேலாது. டொக்டரிட்டப் போவம்."

கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கவில்லை. டொக்டரிடம் போகும்வரை லீவு கேட்டேன். முதலாளி கண் பரிசோதனைக்கா என்று கேட்டார். இல்லை, தலைக்கு என்றேன். அவர் தலையாட்டினார்.

கிளினிக்கில் காத்திருந்த இரண்டு மணித்தியாலமும் மகள் என் கையைப் பிடித்திருக்கவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஆனால் ஒரு பக்கமும் திருப்பவில்லை. டொக்டர் இளம் பெண். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார், சொன்னேன். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அதற்கு முன் ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன், நினைவில் வைத்திருங்கள் என்றிருந்தார். கடைசியில் கேட்டார். ஆறு. கதிரை. மணி. மாம்பழம். ஐந்தாவதுக்கு நான் தேடியபோது அங்கே ஒன்றும் இல்லை. ஜனவரியில் அலுமாரிக்கு முன்னால் நின்ற அதே கால் நிமிடம். கையும் தானாக எங்கும் போகவில்லை.

பரவாயில்லை என்று டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். இந்த வயதில், இவ்வளவு பயத்தோடும் நித்திரைக் குறைவோடும் வருகிறவர்களில் பலருக்கு ஒன்று தவறுவதுண்டு. இரத்தப் பரிசோதனைகள் எழுதித் தந்தார். வேலையை விடத் தேவையில்லை, ஆனால் ஆபத்தான மருந்துகளை இன்னொருவரும் ஒப்பிடட்டும் என்றார். டிசம்பரில் மறுபடி வாருங்கள், இதே சோதனையை இதே விதமாகச் செய்வோம், அப்போதுதான் ஏதாவது சொல்லலாம் என்றார். அதுவரை புள்ளி வைப்பதை நிறுத்தச் சொன்னார். எதுவும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அந்த வார்த்தைக்காக அறைக் கதவை மூடும்வரை காத்திருந்தேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி, நாங்கள் இறங்க எழுந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல் வந்தது. தொப்பி. நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்," என்றாள் மகள். "நானும் பக்கத்தில இருந்து கேட்டனான் தானே. வழி முழுக்கச் சொல்லாமல் பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தனான்."

"இப்ப அஞ்சும் வந்திட்டுது."

"இது கணக்கில வராது அம்மா. நாலுதான்."

இறங்கினோம்.

அன்று நாட்குறிப்பில், நாலு என்று எழுதினேன். எந்த விதமாக, யார் கேட்டது, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்பதையும் எழுதினேன். ஓரத்தில் புள்ளி வைக்கவில்லை. மகள் ஒரு புதிய வரைபுத்தாளில் அந்த நாலை மட்டும் குறித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். ஒரேயொரு குறுக்கல். அதன் வழியாக ஏறும் கோட்டையும் போடலாம், இறங்கும் கோட்டையும் போடலாம். இந்தத் தாளில் இறங்குவதுதான் மறதி. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் இறங்கும் கோட்டைத்தான் காண்கிறேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதயத்துக்கும் நீரிழிவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற உறைகளை இப்போது அவர் ஒருமுறை வாசித்து, மூலையில் கையெழுத்து வைக்கிறார். இதுவரை ஒன்றையும் திருப்பித் தரவில்லை. ஒவ்வொன்றையும் அவர் வாசித்து முடிக்கும்வரை நான் அடுத்த துண்டைத் தொடுவதில்லை.

விலகல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஜூலை மாதப் பக்கங்களிலிருந்து எடுத்து, டிசம்பரில் டொக்டர் சொன்ன திகதியின் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.